ஓய்வும் பயிற்சியே: இளம் விளையாட்டாளர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஆண்டுதோறும் நம் பள்ளிகளில் விளையாட்டுப் போட்டிகள் நடைபெறுகின்றன. இல்லக் கொடிகள் பறக்கின்றன. பெற்றோர் திரண்டு வந்து ஆரவாரம் செய்கின்றனர். வென்ற பிள்ளைகள் மேடையேறிப் பதக்கம் பெறுகின்றனர். பள்ளியில் வென்றவர் வட்டாரத்திற்கும், வட்டாரத்தில் வென்றவர் மாநிலத்திற்கும் செல்கின்றனர். பன்னிரண்டு வயதில் இவ்வாறு புகழ் பெற்ற பிள்ளைகளுள் எத்தனை பேரை இருபது வயதில் நாம் திடலில் காண்கிறோம்? இவ்வினாவை நம்மில் பலரும் எழுப்புவதில்லை. வென்றவரின் பெயர் பள்ளிச் சுவரில் எழுதப்படுகிறது. இடையில் விலகிப் போனவரின் பெயரை எந்தப் பதிவேடும் தாங்குவதில்லை.

விலகிப் போகின்றவர் எல்லாரும் ஆற்றல் குறைந்தவர் அல்லர். அளவு மீறிய பயிற்சியாலும் இடைவெளியின்றித் தொடரும் போட்டிகளாலும் உடல் நைந்து, உள்ளம் சலித்து ஒதுங்கியவர்களும் அவர்களுள் உளர். இச்சிக்கல் நம் காலத்தில் தோன்றிய ஒன்றன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அறிஞர் இதனைக் கண்டு எச்சரித்துள்ளனர். அவ்வெச்சரிக்கை மறக்கப்பட்டதும், பல பிள்ளைகள் துன்புற்ற பின்னர் மீண்டும் மீண்டும் நினைவுகூரப்பட்டதும் ஒரு தனி வரலாறு. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறி, ஆசிரியராகிய நாம் அதிலிருந்து பெறவேண்டிய பாடம் யாது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிரேக்கர் கண்ட உண்மை

பண்டைக் கிரேக்க நாட்டின் ஒலிம்பிக் போட்டிகள் தொடக்கத்தில் ஆடவர்க்கு மட்டுமே உரியனவாக இருந்தன. கி.மு. 632ஆம் ஆண்டில் சிறுவர்க்கென ஓட்டப் போட்டியும் மற்போரும் சேர்க்கப்பட்டன. அதற்கடுத்த போட்டியில், கி.மு. 628இல், ஓட்டம், நீளத் தாண்டுதல், வட்டெறிதல், ஈட்டியெறிதல், மற்போர் ஆகிய ஐந்தும் அடங்கிய ஐந்திறப் போட்டியும் சிறுவர்க்கு நடத்தப்பட்டது. ஸ்பார்ட்டா நகரச் சிறுவன் ஒருவன் அதில் வென்றான். அந்த ஒருமுறையோடு அப்போட்டி கைவிடப்பட்டது.

கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த அரிஸ்டாட்டில், தம் 'அரசியல்' நூலின் எட்டாம் பகுதியில் சிறார் கல்வியைப் பற்றி எழுதுங்கால், இச்சிறுவர் போட்டிகள் குறித்து நுட்பமான ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். ஒலிம்பிக்கில் சிறுவராக இருந்தபோது வென்று, வளர்ந்து ஆடவரான பின்னும் வென்றவர் இருவரோ மூவரோதான் என்பது அவர் கண்ட உண்மை. இளமையிலேயே திணிக்கப்பட்ட கடும்பயிற்சி அவர்களுடைய வலிமையை உறிஞ்சிவிட்டது என்று அவர் காரணமும் கூறினார். இஃது வெறும் ஊகமன்று. டெல்ஃபி நகரில் நடைபெற்ற பித்தியப் போட்டிகளில் வென்றோரின் பட்டியலைத் தம் உறவினர் காலிஸ்தனீசுடன் சேர்ந்து தொகுத்தவர் அவர். பெயர்ப் பட்டியலைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் உடைய ஒருவரின் கூற்று இது. சிறுவர் மற்போரில் வென்று, பின்னர் ஆடவர் மற்போரிலும் ஐந்து முறை வென்ற குரோட்டன் நகர மைலோ போன்றோர் அரிய விதிவிலக்குகளே.

அரிஸ்டாட்டில் தீர்வும் கூறினார். பருவமெய்தும் வரை எளிய உடற்பயிற்சியே போதும். அதன்பின் மூன்றாண்டுகள் பிற கல்விக்கு உரியவை. அவற்றிற்குப் பிறகே கடும்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் வரலாம் என்பது அவர் வகுத்த முறை. உடலையும் அறிவையும் ஒரே காலத்தில் கடுமையாக உழைக்க வைத்தல் ஆகாது, ஒன்றன் உழைப்பு மற்றொன்றைத் தடுக்கும் என்றும் அவர் எச்சரித்தார். காலையில் ஓட்டப் பயிற்சி, பகலில் பள்ளி, மாலையில் வலைப்பந்து, இரவில் பிரத்தியேக வகுப்பு என்று பிள்ளைகளை அனுப்பிவைக்கும் நமக்கு அக்கருத்து இன்றும் பொருந்தும்.

கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் ஃபிலோஸ்டிரேட்டஸ் என்பவர் உடற்பயிற்சிக் கலையைப் பற்றித் தனி நூலே இயற்றினார். அக்காலப் பயிற்றுநர் நான்கு நாள் சுற்றுமுறை ஒன்றைக் கையாண்டனர். முதல் நாள் ஆயத்தம். இரண்டாம் நாள் கடும்பயிற்சி. மூன்றாம் நாள் இளைப்பாறல். நான்காம் நாள் மிதமான பயிற்சி. ஓய்வுக்கும் இடமளித்த முறைதான் இது. எனினும் வீரனின் உடல்நிலையைப் பாராமல், அட்டவணை ஒன்றையே பார்த்து நடத்தியதால் அம்முறை கேடு விளைத்தது என்று அவர் கண்டித்தார். ஒலிம்பிக்கில் வென்ற கெரெனோஸ் என்னும் மல்லன், வெற்றி விருந்துண்டு களைத்திருந்த நிலையில் அன்றைய முறைப்படி பயிற்சி செய்தே தீரவேண்டுமென்று பயிற்றுநர் வற்புறுத்தினார். அவன் பயிற்சிக் களத்திலேயே உயிர் துறந்தான். சிறுவரை வளர்ந்த ஆடவரைப் போலவே கருதிப் பயிற்றுவிப்பதையும் ஃபிலோஸ்டிரேட்டஸ் கடிந்தார்.

ஒரு சொல்லின் பிறப்பு

அளவு மீறிய உழைப்பால் உள்ளம் வறண்டுபோகும் நிலைக்குப் பெயர் கிடைக்க நெடுங்காலம் ஆயிற்று. 1974ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர் என்னும் உளவியலறிஞர், நியூயார்க்கில் இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டாற்றியோரிடம் கண்ட நிலையை 'பர்ன்அவுட்' என்று குறித்தார். எரிந்து அடங்குதல் என்று நாம் அதனைச் சொல்லலாம். ஈடுபாடு மிகுந்தவர்களே முதலில் எரிந்து அடங்கினர் என்பது குறிப்பிடத்தக்கது. சோம்பேறிக்கு இந்நோய் வருவதில்லை.

1986இல் ரொனால்டு சுமித் என்பார் இக்கருத்தை விளையாட்டுத் துறைக்குக் கொண்டுவந்தார். பின்னர் வந்த ஆய்வாளர்கள் விளையாட்டாளரிடம் இந்நிலையைக் காட்டும் மூன்று அறிகுறிகளை வகுத்தனர். உடலும் உள்ளமும் ஓயாது களைத்திருத்தல் முதலாவது. எவ்வளவு முயன்றும் ஒன்றும் சாதிக்கவில்லை என்ற எண்ணம் இரண்டாவது. முன்பு உயிரெனக் கருதிய விளையாட்டே வேண்டாததாகிப் போதல் மூன்றாவது. இம்மூன்றாவது அறிகுறியைத்தான் நாம் பிடிவாதம் என்றும் நன்றியின்மை என்றும் தவறாகப் படிக்கிறோம்.

1992இல் ஜே கோக்லி என்னும் சமூகவியலறிஞர் மேலும் ஒரு படி சென்றார். விளையாட்டை விட்டு விலகிய இளையோரிடம் அவர் உரையாடினார். அவர்களுடைய நாள் முழுவதையும் விளையாட்டு விழுங்கியிருந்தது. தம் வாழ்வில் எதனையும் தாமே முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. விளையாட்டாளர் என்பதன்றி வேறு அடையாளமும் இல்லை. எனவே, இதனைத் தனிப்பட்ட பிள்ளையின் மனவலிமைக் குறையாகக் கருதுதல் பிழை, பெரியோர் வகுத்துத்தரும் வாழ்க்கை முறையின் குறையாகவே கருதவேண்டும் என்று அவர் வாதிட்டார். சிக்கலின் வேர் எங்குள்ளது என்பதைக் காட்டிய கூற்று இது.

டென்னிஸ் கற்ற பாடம்

அவ்வேரை நோக்கி முதலில் கை நீட்டிய விளையாட்டுகளுள் மகளிர் டென்னிஸ் ஒன்று. 1979இல் டிரேசி ஆஸ்டின் தம் 16ஆம் வயதில் அமெரிக்கப் பொதுப்போட்டியை வென்று உலகை வியக்க வைத்தார். முதுகுக் காயம் அவரை இருபது வயதை ஒட்டிய ஆண்டுகளிலேயே ஆட்டக்களத்திலிருந்து பெரிதும் விலக்கிவைத்தது. 1980இல் 14 வயதில் தொழில்முறை ஆட்டக்காரரான ஆண்டிரியா ஜேகர், 1983இல் விம்பிள்டன் இறுதியாட்டம் வரை சென்றார். தோள்பட்டைக் காயத்தால் அவரது ஆட்டமும் விரைவில் ஓய்ந்தது.

இவ்விருவரின் கதையும் எச்சரிக்கையாக நின்றபோதிலும், 1990இல் ஜெனிபர் கேப்ரியாட்டி 14 வயது நிறைவதற்கு முன்பே தொழில்முறைப் போட்டிகளில் இறக்கிவிடப்பட்டார். அவ்வாண்டே பிரெஞ்சுப் பொதுப்போட்டியின் அரையிறுதியை எட்டினார். 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கப்பதக்கம் பெற்றார். 1993இல் அமெரிக்கப் பொதுப்போட்டியின் முதல் சுற்றிலேயே தோற்றபின், 17 வயதில், ஆட்டத்தை விட்டு ஒதுங்கினார்.

இதன் பின்னரே, 1994இல், மருத்துவரும் உளவியலறிஞரும் அடங்கிய குழுவின் ஆய்வைக் கொண்டு மகளிர் டென்னிஸ் சங்கம் புது விதி வகுத்தது. அவ்விதி 1995இல் நடப்புக்கு வந்தது. 14 வயதுக்கு உட்பட்டோர் தொழில்முறைப் போட்டிகளில் ஆடலாகாது. 14 முதல் 17 வயது வரையில், ஓராண்டில் ஆடக்கூடிய போட்டிகளின் எண்ணிக்கை வயதுக்கேற்பச் சிறிது சிறிதாக உயரும். 18 வயதில்தான் கட்டுப்பாடு நீங்கும். விதி வருமுன் முந்திக்கொள்ள நினைத்தோரும் இருந்தனர். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற மார்ட்டினா ஹிங்கிஸ், வீனஸ் வில்லியம்ஸ் ஆகிய இருவரும் 1994 அக்டோபரில், 14 வயதில், தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கினர்.

பத்தாண்டுகளுக்குப் பின் இவ்விதியின் பயன் ஆராயப்பட்டு, முடிவு 2006இல் வெளியிடப்பட்டது. இளம் வயதிலேயே ஆட்டத்தைக் கைவிட்டோர் முன்னர் 7 விழுக்காடாக இருந்தனர். விதி வந்தபின் அது ஒரு விழுக்காட்டிற்கும் கீழே இறங்கியது. பிள்ளைகளின் மனவலிமை பத்தாண்டில் திடீரெனப் பெருகிவிடவில்லை. மாறியது போட்டிகளின் அட்டவணையே. கேப்ரியாட்டியும் பின்னர் மீண்டு வந்து, 2001இல் ஆஸ்திரேலிய, பிரெஞ்சுப் பொதுப்போட்டிகளை வென்று உலகின் முதல்நிலை ஆட்டக்காரரானார். ஓய்வு ஒருவரின் ஆற்றலை அழிப்பதில்லை என்பதற்கு அவரே சான்று.

பிற விளையாட்டுகளும் இவ்வழியில் மெல்ல நடந்தன. சீருடற்பயிற்சியில் அனைத்துலகப் போட்டிக்குரிய குறைந்த வயது 1981இல் 15ஆகவும், 1997இல் மகளிர்க்கு 16ஆகவும் உயர்ந்தது. பனிச்சறுக்கு நடனத்தில் அதனை 15இலிருந்து 17க்கு உயர்த்த 2022இல்தான் முடிவு செய்யப்பட்டது.

பந்தெறியும் கைகள்

பேஸ்பால் ஆட்டத்தின் வரலாறு உடல்நலப் பக்கத்தை நன்கு விளக்கும். வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் மென்மையான வளர்ச்சித் தட்டுகள் உள்ளன. ஒரே அசைவை நாள்தோறும் நூற்றுக்கணக்கில் செய்தால், தசை தாங்கினும் அத்தட்டுகள் தாங்கா. அமெரிக்காவில் 1939இல் தொடங்கிய சிறுவர் பேஸ்பால் கூட்டமைப்பின் பெயராலேயே, பந்தெறியும் சிறுவரின் முழங்கை நோய் ஒன்று 1960இல் பெயர் பெற்றது. விளையாட்டின் பெயர் நோயின் பெயரானதை அறிந்த பின்னும், ஒரு சிறுவன் ஒரு நாளில் எத்தனை பந்துகள் எறியலாம் என்று எண்ணிக் கட்டுப்படுத்தும் விதி 2007இல்தான் வந்தது. 10 வயதினர்க்கு 75, 11, 12 வயதினர்க்கு 85 என அளவு விதிக்கப்பட்டது. எறிந்த பந்துகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஓய்வு நாள்களும் கட்டாயமாக்கப்பட்டன.

ஜப்பானில் நிலைமை இன்னும் கடினமாக இருந்தது. 1915இல் தோன்றிய உயர்நிலைப் பள்ளிப் பேஸ்பால் போட்டி அந்நாட்டில் ஒரு தேசியத் திருவிழாவாகவே மதிக்கப்படுகிறது. கோடை வெயிலில் கோஷியன் அரங்கில் நடைபெறும் அப்போட்டியில் தோற்ற மாணவர், கண்ணீரோடு அத்திடலின் மண்ணை அள்ளி வீட்டுக்கு எடுத்துச்செல்வர். 1998இல் மட்சுசாக்கா டைசுக்கே என்னும் 17 வயது மாணவர், 17 சுற்றுகள் நீடித்த ஒரே ஆட்டத்தில் 250 பந்துகள் எறிந்தார். மறுநாளும் களமிறங்கினார்; அதற்கடுத்த நாள் இறுதியாட்டத்திலும் எறிந்து வென்றார். நாடே அவரை வியந்து போற்றியது. 2018இல் யோஷிடா கோசெய் என்னும் மாணவர் ஒரே தொடரில் 881 பந்துகள் எறிந்தபோது, வியப்போடு கவலையும் எழுந்தது. 2020இல், ஒருவர் ஒரு வாரத்தில் 500 பந்துகளுக்கு மேல் எறியலாகாது என்னும் விதி நடப்புக்கு வந்தது.

அதே 2018ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசின் விளையாட்டுத் துறை, பள்ளி விளையாட்டுக் கழகங்களுக்கு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. வாரத்தில் இரு நாள்களேனும் ஓய்வு. பள்ளி நாள்களில் பயிற்சி ஏறத்தாழ இரண்டு மணி நேரம், விடுமுறை நாள்களில் மூன்று மணி நேரம் என்பன அதன் சாரம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் 2007இல் இதே பொருளில் அறிவுரை வழங்கி, 2024இல் அதனைப் புதுப்பித்தது. வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வும், ஆண்டில் இரண்டு மூன்று மாதங்கள் குறிப்பிட்ட விளையாட்டிலிருந்து விலகியிருத்தலும் வேண்டும் என்பது அதன் கருத்து. பயிற்சி உடலைத் தேய்க்கிறது. தேய்ந்ததை உடல் ஓய்வில்தான் செப்பனிட்டு முன்னினும் வலிதாக்குகிறது. ஆதலின் ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதியே.

நார்வேயின் துணிவு

துன்பம் நேர்ந்தபின் விதி வகுத்தல் ஒருவகை. பிள்ளையின் உரிமையிலிருந்தே தொடங்குதல் மற்றொரு வகை. பின்னதற்கு நார்வே நாடு எடுத்துக்காட்டு. அந்நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பு 1987இல் சிறார் விளையாட்டுக்கென விதிகள் வகுத்து, 2007இல் அவற்றைச் சிறார் உரிமைகளாக விரிவாக்கியது. 11 வயதுக்கு முன் போட்டி முடிவுகளையும் தரவரிசையையும் வெளியிடலாகாது. 13 வயதுக்கு முன் தேசிய வெற்றியாளர் போட்டி இல்லை. எவ்வளவு பயிற்சி, எந்தப் போட்டி என்பவற்றில் பிள்ளையின் விருப்பத்திற்கும் இடமுண்டு.

இவ்வாறு செய்தால் வீரர் உருவாவரோ என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி. ஏறத்தாழ ஐம்பத்தைந்து இலட்சம் மக்களே வாழும் அந்நாடு, 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்கள் பெற்றது. அதுவரை எந்நாடும் ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் அத்துணைப் பதக்கங்கள் பெற்றதில்லை. பனியும் செல்வமும் அந்நாட்டிற்குத் துணை நின்றன என்பது உண்மையே. ஆயினும் பிள்ளைகளை விரட்டாமை வெற்றிக்குத் தடையாகவில்லை என்பதை மறுக்க இயலாது.

நம் பள்ளிகளின் நிலை

ஐக்கிய நாடுகள் அவை 1989இல் ஏற்ற சிறார் உரிமை உடன்படிக்கையில், ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமைகளாகப் பொறிக்கப்பட்டுள்ளன. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995இல் அதில் இணைந்தன. படிப்பையும் பயிற்சியையும் ஒரே வளாகத்தில் இணைக்க, புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி 1996இலும் சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளி 2004இலும் தோன்றின. எனினும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அத்தகைய பள்ளிகளில் பயில்வோர் அல்லர். அவர்களுடைய கால அட்டவணை நம் கையில் உள்ளது.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அவற்றுள் பல, 150க்கும் குறைந்த மாணவரைக் கொண்ட சிறு பள்ளிகள். அங்கே ஓடத் தெரிந்த பிள்ளையே தாண்டவும் வேண்டும். அவளே வலைப்பந்துக் குழுவிலும் நிற்கவேண்டும். குரல் வளம் இருந்தால் திருக்குறள் மனனப் போட்டிக்கும் அவளே. ஒவ்வொரு பொறுப்பாசிரியரும் தத்தம் கடமையைச் செவ்வனே செய்கின்றார். அத்தனைக் கடமைகளும் ஒரே பிள்ளையின் தோளில் இறங்குவதை எவரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

நானும் கூட்டிப் பார்க்காதவனே. தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற புதிதில், என் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி இருந்தாள். நூறு மீட்டர், இருநூறு மீட்டர், நீளத் தாண்டுதல், அஞ்சலோட்டம், குறுக்கோட்டம், வலைப்பந்து என எல்லாவற்றிலும் அவள் பெயர் இருந்தது. அவ்வாண்டு அவளுக்கு யு.பி.எஸ்.ஆர். தேர்வு. 2021இல் அகற்றப்பட்ட அத்தேர்வு அக்காலத்தில் ஒவ்வொரு பள்ளியின் மானப் பிரச்சினையாக இருந்தது. எனவே சனிக்கிழமைகளிலும் வகுப்பு நடத்தினோம். மாநிலப் போட்டியன்று பேருந்து திடலை அடைந்தது, எல்லாரும் இறங்கினர், அவள் இறங்கவில்லை. நான் அருகே சென்று அழைத்தேன். "எனக்கு ஓட வேணாங்கய்யா" என்று மட்டும் சொன்னாள். அழவும் இல்லை. பள்ளியின் பெயரைக் கெடுக்கலாமா என்று கேட்டேன். அவள் இறங்கினாள், ஓடினாள், கடைசியாக வந்தாள். இடைநிலைப் பள்ளியில் அவள் ஒரு நாளும் ஓட்டத் திடலுக்கு வரவில்லை என்று பின்னர் அறிந்தேன்.

அதன்பின் ஒரு நாள் பழைய கோப்பு ஒன்றைப் புரட்டியபோது, அவ்வாண்டின் நடவடிக்கைப் பட்டியல்கள் கண்ணில் பட்டன. அவற்றையெல்லாம் ஒரு தாளில் அவள் பெயருக்கு நேரே எழுதிப் பார்த்தேன். தொடர்ந்து மூன்று மாதங்களில் அவளுக்கென வெறுமையாக இருந்தது ஒரு கட்டமும் இல்லை. அப்பட்டியல்கள் ஒவ்வொன்றின் அடியிலும் என் கையொப்பம் இருந்தது. கெரெனோசைக் களத்தில் இறக்கிய பயிற்றுநரை நான் வெகுதொலைவில் தேட வேண்டியதில்லை.

பொறுமையின் பயனுக்கும் நம் மண்ணிலேயே சான்று உண்டு. ஓட்டக்காரர் எம். ஜெகதீசன் 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் பங்கேற்றபோது அவருக்கு வயது 16. மருத்துவம் பயின்றுகொண்டே ஓடிய அவர், 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றார். 1968இல் மெக்சிகோ நகரில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி அவர் நிறுவிய தேசியச் சாதனை 2017 வரை நிலைத்தது. அப்போது அவருக்கு வயது 24. பதினாறு வயதில் தோன்றிய ஆற்றல் முழுமை பெற எட்டு ஆண்டுகள் ஆயின. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அதனை இவ்வாண்டே காட்டு என்று கேட்பது எவ்வகை நியாயம்?

முடிவுரை

மயிலிறகு மிக மென்மையானது. அதனையும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார் வள்ளுவர். ஒவ்வோர் இறகும் மென்மையானதே; ஏற்றுபவர் எவரும் தம் இறகால் அச்சு முறிந்தது என்று ஒப்புக்கொள்ளார். ஆகவே, மொத்தச் சுமையைப் பார்க்க ஒருவர் வேண்டும். கிரேக்கம் முதல் ஜப்பான் வரை வரலாறு காட்டும் பாடம் இதுவே. பிள்ளையிடம் மேலும் பொறுத்துக்கொள் என்று கூறியபோது பயன் விளையவில்லை. பெரியோர் தம் அட்டவணைக்குத் தாமே எல்லை வகுத்தபோதே பிள்ளைகள் காக்கப்பட்டனர்.

இப்போது எங்கள் ஆசிரியர் அறைச் சுவரில் பெரிய தாள் ஒன்று தொங்குகிறது. போட்டிக்குச் செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு வரிசை உண்டு. ஒரு பிள்ளையை அழைக்க விரும்பும் ஆசிரியர் முதலில் அவ்வரிசையைப் பார்க்கவேண்டும். ஒரே காலத்தில் இரண்டு நடவடிக்கைகளுக்கு மேல் எவர்க்கும் இல்லை. வாரத்தில் இரு நாள்களும், பள்ளி விடுமுறையில் பாதியும் வெறுமையாக விடப்படவேண்டும். போக விருப்பமா என்று பிள்ளையைக் கேட்ட பின்னரே பெயர் எழுதப்படும். முதல் ஈராண்டுகளில் பதக்கங்கள் குறைந்தன. பெற்றோர் சிலர் வருத்தப்பட்டனர். அவர்களிடம் நான் விளக்கம் கூற வேண்டியிருந்தது. ஆயினும் முன்பு அணியில் இடம் பெறாத பிள்ளைகள் பலர் இப்போது திடலுக்கு வந்துள்ளனர். இங்கிருந்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்றவருள் மூவர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றனர்.

சக ஆசிரியர்களும் பெற்றோரும் தத்தம் பிள்ளையின் பெயருக்கு நேரே அத்தகைய வரிசை ஒன்றை ஒருமுறை வரைந்து பார்க்குமாறு வேண்டுகிறேன். வெறுமையான கட்டம் ஒன்றும் இல்லையெனில், முதலில் ஒன்றை வெறுமையாக்குவோம்.